ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும் சூரணம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. சில ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். ஆணுறுப்பின் விறைப்பு முன்போல இல்லை. அமுக்கரா (அஸ்வகந்தா), பூனைக்காலி, நெருஞ்சில் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவற்றை யாராவது முறையாகச் சோதித்திருக்கிறார்களா? இன்னொன்று: மச்சான் ஒரு சூரணம் வாங்கித் தந்திருக்கிறார். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் நன்றாக வேலை செய்ததாம். அதையே தொடரலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தொடராதீர்கள். அது வேலை செய்யாது என்பதால் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் வேலை செய்தது என்பதால்தான் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட மூன்று மூலிகைகளில் எதுவும் ஒரு மணி நேரத்தில் விறைப்பைக் கொண்டுவராது. எந்தச் சித்த மருத்துவரும் அப்படிச் சொல்ல மாட்டார். ஒரு மண்டலம், இரண்டு மண்டலம் சாப்பிடுங்கள், பால் சேர்த்துக்கொள்ளுங்கள், புளி தள்ளுங்கள் என்பார்கள். முப்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும் பொருள் ஒன்று மருந்துக்கடையில் இருக்கிறது. அதன் பெயர் சில்டெனாபில். வயாகரா என்ற பெயரில் 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காப்புரிமை முடிந்து இன்று பல கம்பெனிகள் மலிவாகத் தயாரிக்கின்றன. மூலப்பொருள் வெள்ளைத் தூள். பழுப்புச் சூரணத்தில் கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

இது என் கற்பனையான சந்தேகம் இல்லை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை, ரகசியமாக மருந்து கலக்கப்பட்டவை என்று எச்சரித்த சத்துணவுப் பொருட்களை ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 776. அவற்றில் 45.5 சதவீதம், ஏறத்தாழ பாதி, ஆண்மைக்கென்று விற்றவை. எடை குறைக்கும் பொருட்கள் இரண்டாம் இடம். ஆண்மைப் பொருட்களில் அதிகம் பிடிபட்டது சில்டெனாபில்தான். பெட்டியின் மேலே 'நூறு சதவீதம் இயற்கை' என்று இருக்கும். உள்ளே மாத்திரைக் கடை.

மூலிகைத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. சூரணத்தில் கொஞ்சம் எடுத்து மெத்தனாலில் போட்டுக் குலுக்கி வடிகட்டுவோம். சிலிக்கா பூசிய தகட்டில், அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே, அந்தச் சாற்றை மெல்லிய கோடாக வைப்போம். பக்கத்திலேயே சுத்தமான சில்டெனாபில் கரைசலில் இன்னொரு கோடு. தகட்டின் அடிப்பக்கம் மட்டும் கரைப்பானில் நனையும்படி கண்ணாடித் தொட்டியில் நிறுத்தினால் கரைப்பான் மெல்ல மேலே ஏறும். ஒவ்வொரு பொருளும் தன் தன் உயரத்தில் நின்றுவிடும். காயவைத்து, 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழே வைத்தால் தகடு முழுக்கப் பச்சையாக ஒளிரும். உண்மையான மூலிகைச் சாறு அதில் மங்கலாக, ஒன்றோடொன்று ஒட்டிய பல கறைகளாகத் தெரியும். மருந்து கலந்திருந்தால் அந்த மங்கலுக்கு நடுவே கன்னங்கரேல் என்று ஒரு பட்டை, பக்கத்துச் சில்டெனாபில் நிற்கும் அதே உயரத்தில் நிற்கும். சந்தேகம் வர அது போதும். உறுதிப்படுத்துவதற்கு, மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது.

கலப்படக்காரர்களும் சும்மா இருப்பதில்லை. சில்டெனாபில் மூலக்கூறின் ஓரத்தில் ஒரு கொத்தை மாற்றி, அதன் ஒன்றுவிட்ட தம்பிகளைத் தயாரித்துக் கலக்கிறார்கள். சில்டெனாபிலை மட்டும் தேடும் ஆய்வகத்தில் இவை தப்பிவிடும். இப்படிப் பல டஜன் வகைகள் உலகெங்கும் பிடிபட்டிருக்கின்றன. இவற்றை எந்த மனிதரிடமும் சோதித்ததில்லை. ஆக, 'ஆய்வகத்தில் சோதித்தோம், வயாகரா இல்லை' என்று ஒரு தாளைக் காட்டினால், எந்தெந்தப் பொருளுக்குச் சோதித்தார்கள் என்பதையும் அந்தத் தாளில் பாருங்கள்.

சரி, சில்டெனாபில் இருந்தால்தான் என்ன, டாக்டரே எழுதித் தரும் மருந்துதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டாக்டர் எழுதும்போது 25, 50, 100 மில்லிகிராம் என்று அளவு உண்டு. முதலில் இதயத்தைப் பற்றிக் கேட்பார். நெஞ்சு வலிக்கு சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்குச் சில்டெனாபில் கொடுக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று பாதாளத்துக்கு இறங்கும். சூரணம் சாப்பிட்டவருக்கு அன்றிரவு நெஞ்சு வலி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவில் 'வயாகரா மாதிரி ஏதாவது எடுத்தீர்களா?' என்று கேட்பார்கள். அவர் மனதறிய 'இல்லை, நாட்டு மருந்துதான்' என்பார். நாக்கின் அடியில் சார்பிட்ரேட் வைப்பார்கள். இங்கே யாருமே பொய் சொல்லவில்லை, டப்பாவைத் தவிர.

சர்க்கரை நோயாளி என்பதால் உங்களுக்கு இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 2008இன் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூரின் ஐந்து அரசு மருத்துவமனைகளுக்கு, சர்க்கரை நோயே இல்லாதவர்கள் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிப்போய் வரத் தொடங்கினார்கள். மொத்தம் 150 பேர். அதில் ஒருவர் தவிர எல்லோரும் ஆண்கள். மருத்துவர்கள் குழம்பிப்போனார்கள். விசாரித்ததில் 45 பேர்தான் ஆண்மை மருந்து சாப்பிட்டதை ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. வெட்கம்தான். ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தபோது 127 பேரிடம் கிளிபென்கிளமைடு இருந்தது. நம்மூரில் டயோனில் என்ற பெயரில் தெரிந்த சர்க்கரை மாத்திரை. பிடிபட்ட சரக்கில், வயாகரா போன்ற இன்னொரு மருந்தான சியாலிஸின் போலி மாத்திரையும், மூலிகை என்று விற்ற மூன்று தயாரிப்புகளும் இருந்தன. ஒவ்வொரு மாத்திரையிலும் 13 முதல் 100 மில்லிகிராம் வரை கிளிபென்கிளமைடு. டயோனில் வழக்கமாக 5 மில்லிகிராம் மாத்திரையாக வருவது. ஏழு பேர் நினைவு திரும்பாமலே கிடந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும் ஒருவர் அந்தச் சரக்கைச் சாப்பிட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

உலோகம் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. அதாவது ஐந்தில் ஒன்று. மூலிகைப் பொருளில் ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்பது நம் நாட்டில் வகுத்திருக்கும் வரம்பு. பற்பமும் செந்தூரமும் வேறு கணக்கு, உலோகத்தைப் புடம் போட்டுத்தான் அவற்றைச் செய்கிறார்கள். தாது புஷ்டிக்கு என்று சொல்லி, பெயர் அச்சிடாத ஒரு பொட்டலத்தில் பற்பம் தந்தால், அதில் என்ன பற்பம், யார் செய்தது என்று தெரியாமல் வாயில் போடாதீர்கள்.

இவ்வளவு நேரம் டப்பாவைப் பற்றிப் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. மூலிகை வேலை செய்கிறதா என்று கேட்பதற்கு முன், டப்பாவில் இருப்பது மூலிகைதானா என்று தெரிய வேண்டும். பலர் 'எனக்குக் கேட்டது' என்று சத்தியம் செய்வது மூலிகைக்குச் சாட்சி இல்லை, உள்ளே மறைந்திருக்கும் மாத்திரைக்குச் சாட்சி.

இனி மூலிகைக்கு வருவோம். அமுக்கராவிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

சித்த மருத்துவத்தில் அமுக்கராச் சூரணம் என்பது நன்றாக வரையறுத்த மருந்து. அதன் கணக்கே அழகானது. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கராக் கிழங்கு அறுபத்து நான்கு, சர்க்கரை நூற்று இருபத்தெட்டு. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இரு மடங்கு. கூட்டிப் பார்த்தால் 255 பங்கு. அதில் அமுக்கரா கால் பங்கு, சர்க்கரை சரிபாதி. விறைப்புக் குறைவோடு வருகிறவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகள். அவர்களுக்கு இதைக் கொடுப்பதற்கு முன் மருத்துவர் யோசிக்க வேண்டும், நல்ல மருத்துவர்கள் யோசிக்கவும் செய்கிறார்கள், சர்க்கரை சேர்க்காமல் செய்து தருகிறார்கள். லேகியம் என்றால் கேட்கவே வேண்டாம், வெல்லப் பாகில்தான் கிண்டுவது.

அமுக்கராவை முறையாகச் சோதித்த ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். ஜாம்நகரில் உள்ள குஜராத் ஆயுர்வேதப் பல்கலைக்கழகத்தில் செய்து 2011இல் வெளியிட்டார்கள். உடலில் கோளாறு இல்லாமல் மனக் காரணத்தால் விறைப்புக் குறைந்த 95 பேரைச் சேர்த்தார்கள், 86 பேர் கடைசிவரை வந்தார்கள். 41 பேருக்கு அமுக்கரா வேர்ப்பொடி. 45 பேருக்குக் கோதுமை மாவு. அறுபது நாள். உலகெங்கும் பயன்படும் விறைப்பு வினாப்பட்டியலை வைத்து மதிப்பெண் போட்டார்கள். அமுக்கரா சாப்பிட்டவர்களிடம் 12.6 சதவீத முன்னேற்றம். கோதுமை மாவு சாப்பிட்டவர்களிடம் 19.11 சதவீதம்! புள்ளியியல் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்பதே முடிவு. ஆயுர்வேதப் பல்கலைக்கழகமே நடத்தி, தங்கள் மருந்து ஜெயிக்கவில்லை என்று தாங்களே அச்சிட்டிருக்கிறார்கள். இந்த நேர்மைக்கு நான் தலை வணங்குவேன்.

கோதுமை மாவு எப்படி வேலை செய்யும்? இந்த நோயின் குணமே அதுதான். சில்டெனாபில் வந்த 1998இல் வெளியான பெரிய சோதனையிலும் இதைப் பார்க்கலாம். மருந்து எடுத்தவர்களுக்கு உறவு முயற்சிகளில் 69 சதவீதம் வெற்றி. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 22 சதவீதம் வெற்றி. மருந்து சாப்பிடுகிறோம் என்ற தைரியமே பயத்தைப் பாதி குறைத்துவிடுகிறது, பயம்தான் பலரிடம் முதல் எதிரி. இது தலைகீழாகவும் நடக்கும். இத்தாலியில் புரோஸ்டேட் வீக்கத்துக்குப் பினாஸ்டிரைடு கொடுத்து ஒரு சோதனை செய்தார்கள். பக்க விளைவாக ஆண்மைக் குறைவு வரலாம் என்று முன்னதாகச் சொன்னவர்களில் 43.6 சதவீதம் பேருக்கு வந்தது. சொல்லாமல் கொடுத்தவர்களில் 15.3 சதவீதம் பேருக்குத்தான். மருந்து ஒன்றே. வாயிலிருந்து வந்த சொல்தான் வேறு.

அதனால்தான் வெற்று மருந்தோடு ஒப்பிடாத எந்த 'ஆண்மை ஆய்வையும்' நான் ஓரமாக வைத்துவிடுவேன். ஐம்பது பேருக்குக் கொடுத்தோம், நாற்பது பேருக்குச் சுகம் என்பது ஆய்வே இல்லை.

அமுக்கரா முழுக்கத் தோற்றுவிட்டதா? அப்படியும் சொல்ல முடியாது. கேள்வியை மாற்றினால் பதில் மாறுகிறது. மகாராஷ்டிரத்தின் தானேவில் 46 ஆண்களிடம் செய்த சோதனை 2013இல் வந்தது. இவர்கள் விந்தணு குறைவாக இருந்தவர்கள். தினம் 675 மில்லிகிராம் வேர்ச்சாறு, தொண்ணூறு நாள். அமுக்கரா எடுத்தவர்களிடம் விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்குச் சராசரியாக 9.59 மில்லியனிலிருந்து 25.61 மில்லியனாக உயர்ந்தது. வெற்று மருந்துக் குழுவில் அப்படி உயரவில்லை. சிறிய ஆய்வு, 21 பேருக்கு மட்டும்தான் உண்மையான மருந்து. ஆனாலும் கவனிக்க வேண்டியது. 2019இல் வந்த இன்னொரு ஆய்வில் 40 முதல் 70 வயதுள்ள, எடை கூடிய ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் வெற்று மருந்தைவிட 14.7 சதவீதம் கூடியது. அதே ஆய்வில் தாம்பத்திய நலன் பற்றிய கேள்விகளில் வித்தியாசம் இல்லை. ஹார்மோன் கூடினால் படுக்கையறை விஷயம் தானாகச் சரியாகிவிடும் என்பது விளம்பரக் கணக்கு.

இங்கேதான் நம்மவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். விறைப்பு வேறு, ஆசை வேறு, சீக்கிரம் வெளியேறுவது வேறு, விந்தணு குறைவு வேறு. 'ஆண்மைக் குறைவு' என்று ஒரே பையில் போட்டுக் கட்டுகிறோம், ஒன்றுக்குச் செய்த சோதனையைக் காட்டி இன்னொன்றுக்கு மருந்து விற்கிறார்கள். அமுக்கரா விந்தணுவுக்கு உதவக்கூடும் என்ற செய்தி, உங்கள் விறைப்புக்கு எந்தப் பதிலும் இல்லை.

ஆபத்து இல்லாத மூலிகை என்றும் நினைக்க வேண்டாம். அமுக்கரா சாப்பிட்டுச் சில வாரங்களில் அரிப்போடு மஞ்சள்காமாலை வந்தவர்களைப் பற்றி ஐஸ்லாந்து, அமெரிக்கா, இந்தியா என்று பல நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்துவிட்டது. அந்தத் தடை கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. ஆனால் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. இன்னொரு சங்கதி: மருந்துக்கு உரியது வேர். இலை மலிவு என்பதால் இலைப் பொடியைக் கலந்துவிடுகிறார்கள். நுண்ணோக்கியில் ஒரு துளி பார்த்தாலே மாட்டிக்கொள்ளும். வேர்ப்பொடியில் மாவுச்சத்துத் துகள்கள் குவியல் குவியலாகத் தெரியும், இலை மூச்சுவிடும் நுண்துளை ஒன்றுகூட இருக்காது. துளை கண்ணில் பட்டால் அது வேர் மட்டும் இல்லை.

நெருஞ்சிலின் கதை வேடிக்கையானது. நம் வீடுகளில் நெருஞ்சில் என்றால் நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, கல்லடைப்புதான் முதலில் நினைவுக்கு வரும். முள்ளோடு காயைக் கொதிக்கவைத்துக் குடிநீராகக் கொடுப்பார்கள். ஆண்மைக்கும் நூல்களில் உண்டுதான். ஆனால் இன்று ஜிம்மில் 'டிரிபுலஸ்' என்ற தாவரப் பெயரில் விற்கும் நெருஞ்சிலின் புகழ் பல்கேரியாவிலிருந்து வந்தது. சோபியாவில் டிரிபெஸ்டான் என்ற பெயரில் மாத்திரையாக்கி 1980களில் பரப்பினார்கள். டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்றார்கள். பல்கேரியர்களே 2005இல் 21 இளைஞர்களிடம் சோதித்து, கூடவில்லை என்று எழுதினார்கள். 2014இல் 30 பேரிடம் தினம் 800 மில்லிகிராம் வீதம் ஒரு மாதம் கொடுத்துப் பார்த்ததில் விறைப்பிலும் வெற்று மருந்தை வெல்லவில்லை. பிறகு 2017இல் 180 பேரிடம், 1500 மில்லிகிராம், பன்னிரண்டு வாரம் என்று கொஞ்சம் பெரிதாகச் செய்தார்கள். வெற்று மருந்தைவிட வினாப்பட்டியலில் 2.7 புள்ளி கூடுதல். சில்டெனாபில் தருவதோடு பார்த்தால் சிறிது, ஆனால் பூஜ்யம் இல்லை.

அதைக் கேட்டு இங்கே நெருஞ்சில் முள் பொடி வாங்க ஓட வேண்டாம். அந்தப் பல்கேரிய மாத்திரை செடியின் மேற்பகுதியிலிருந்து எடுத்த சாறு. நாம் பயன்படுத்துவது காய். அதோடு, ஒரே செடி என்றாலும் மண்ணுக்கு மண் சரக்கு மாறுகிறது. பல நாட்டு நெருஞ்சிலை ஒப்பிட்டு 2008இல் வந்த ஆய்வில், பல்கேரியா, கிரீஸ், துருக்கிச் செடிகளில் சப்போனின்கள் என்ற வேதிப்பொருட்கள் ஒரு மாதிரியும், இந்தியா, வியட்நாம் செடிகளின் சப்போனின்கள் வேறு மாதிரியும் இருந்தன. பல்கேரியச் செடியின் சோதனையை நம்மூர் வயல் வரப்பு நெருஞ்சிலுக்குச் சான்றிதழாக ஒட்ட முடியாது. மூலிகைச் சோதனைகளில் இது அடிப்படையான சிக்கல். சில்டெனாபில் 50 மில்லிகிராம் என்றால் எந்த நாட்டிலும் அதேதான். 'ஒரு ஸ்பூன் சூரணம்' என்பதில் என்ன இருக்கிறது என்பது செடி வளர்ந்த இடம், பறித்த மாதம், உலர்த்திய விதம், எத்தனை நாள் பழசு என்பதையெல்லாம் பொறுத்தது. சித்த நூல்கள் சூரணத்துக்கு மூன்று மாதம்தான் ஆயுள் என்கின்றன. டப்பாவில் அச்சாகும் காலாவதி அதைவிடப் பல மடங்கு தள்ளி இருக்கும்.

பூனைக்காலி விதையில் உண்மையான மருந்துப் பொருள் இருக்கிறது. விதை எடையில் ஏறத்தாழ 4 முதல் 6 சதவீதம் எல்-டோப்பா. பார்க்கின்சன் நோய்க்கு மருத்துவர்கள் கொடுக்கும் அதே பொருள். லண்டனில் 2004இல் பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதித்தபோது விதைப்பொடி வழக்கமான மாத்திரைக்கு ஈடுகொடுத்தது. ஆண்மைக்கு? லக்னோவில் 75 ஆண்களுக்குத் தினம் 5 கிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்து, விந்தணுவின் எண்ணிக்கையும் அசைவும் கூடியதாக 2009இல் எழுதினார்கள். குழந்தையின்மைக்காக வந்தவர்கள் இவர்கள், விறைப்புக்காக வந்தவர்கள் இல்லை. வெற்று மருந்துக் குழுவும் கிடையாது. ஐந்து கிராமில் இருநூறு மில்லிகிராமுக்குக் குறையாமல் எல்-டோப்பா இருக்கும் என்பதால், குமட்டல், தலைசுற்றல், மனக்குழப்பம் வர வாய்ப்பு உண்டு. பார்க்கின்சனுக்கோ மனநோய்க்கோ மாத்திரை எடுப்பவர்கள் தொடவே கூடாது.

நீர்முள்ளி, ஓரிதழ்தாமரை, நிலப்பனைக் கிழங்கு, சாலாமிசிரி, முருங்கைப்பூ, ஜாதிக்காய்... பட்டியல் நீளம். இவற்றுக்கு இருப்பவை பெரும்பாலும் எலி ஆய்வுகள். ஆண் எலி பெண் எலியின் மேல் எத்தனை நொடியில் ஏறியது, எத்தனை முறை ஏறியது என்று எண்ணுவார்கள். எலிக்குச் சர்க்கரை நோயோ வீட்டுக்கடனோ கிடையாது. மதனகாமேஸ்வர லேகியத்தைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: பழைய பாடங்களில் அதில் கஞ்சா சேரும். அந்தக் கிறக்கத்தைத்தான் பலர் ஆண்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் நல்ல சோதனைகள் இவ்வளவு குறைவு என்று கேட்பீர்கள். பெரிய காரணம், அவசியமே இல்லை என்பதுதான். அரசு ஏற்ற பழைய நூல்களில் உள்ள மருந்தை அதே முறையில் செய்து, அதே நோய்க்கு விற்றால், புதிதாக மனிதர்களிடம் சோதித்துக் காட்டச் சட்டம் கேட்பதில்லை. மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளில் 2010இல் சேர்த்த 158-பி விதியின் சாரம் இது. 'அரசு லைசென்ஸ் பெற்றது' என்ற வரிக்கு, தயாரிக்க அனுமதி உண்டு என்று மட்டுமே பொருள். வேலை செய்யும் என்று அரசு கையெழுத்துப் போட்டதாகப் பொருள் இல்லை. இன்னொரு காரணம், மூலிகைக்குக் காப்புரிமை எடுக்க முடியாதபோது யார் கோடிகளைக் கொட்டுவார்கள்? செய்ய நினைப்பவர்களுக்கும் கஷ்டம் இருக்கிறது. சூரணத்தின் வாசனையையும் கசப்பையும் வெற்று மருந்தில் கொண்டுவருவது லேசில்லை, நோயாளி மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். கேப்சூலில் அடைத்தால், பாலில் கலந்து குடிப்பதுதான் முறை, அனுபானத்தை விட்டுவிட்டீர்களே என்று மருத்துவர்கள் கோபிப்பார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

சட்டம் என்று பேச்சு வந்ததால்: ஆண்மையைக் கூட்டும், தாம்பத்தியச் சக்தியைப் பெருக்கும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரச் சட்டப்படி குற்றம். சித்தா, ஆயுர்வேதா, அலோபதி என்ற பேதமில்லை. 'மாதத்தில் இந்தத் தேதி இந்த லாட்ஜில்' என்ற சுவரொட்டியும், நடுராத்திரி டிவி நிகழ்ச்சியும், உங்கள் போனில் வரும் வீடியோவும் அதற்குள் அடங்கும். விளம்பரமே சட்டத்தை மீறினால் டப்பாவுக்குள் மட்டும் சட்டம் மதிக்கப்பட்டிருக்குமா? இந்த விளம்பரங்கள் பிடிப்பது பெரும்பாலும் இருபது வயதுப் பையன்களை. தூக்கத்தில் விந்து வெளியேறுவதைக் காட்டி 'நரம்புத் தளர்ச்சி' என்று பயமுறுத்தி வசூல் செய்கிறார்கள். அது நோயே இல்லை. அந்தப் பயத்துக்குத்தான் வைத்தியம் தேவை. மருத்துவர் என்.என்.விக் 1960இல் அந்தப் பயத்துக்குத் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்துவிட்டார்.

இப்போது உங்கள் விஷயம். நாற்பதைத் தாண்டி, சர்க்கரையோடு இருப்பவருக்கு விறைப்புக் குறைந்தால் முதலில் சோதிக்க வேண்டியது உங்கள் உடம்பைத்தான். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்விட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இதயத்தின் குழாய்கள் அதைவிடப் பெரியவை. கொழுப்பு படிந்து அடைக்கத் தொடங்கினால் சின்னக் குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பலருக்கு நெஞ்சு வலி வருவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு பொடியைச் சாப்பிட்டுச் சமாளித்தவர் அந்த எச்சரிக்கையைத் தவறவிடுகிறார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், ஒரு ஈசிஜி, காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன், இவற்றைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் காட்டுங்கள், சில பிரஷர் மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் இந்தக் கோளாறைக் கொண்டுவரும். விடிகாலையில் தானாக விறைப்பு வருகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது வழக்கம்போல வருகிறது, மனைவியோடு இருக்கும்போது மட்டும் இல்லை என்றால் குழாய் சரியாக இருக்கிறது, மனசுதான் தடுக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் வந்து, தினம் நடந்து, சிகரெட்டை விட்டதில் மருந்தே இல்லாமல் தேறியவர்கள் உண்டு.

இதையெல்லாம் பார்த்த பிறகும் அமுக்கரா எடுத்துப் பார்க்க ஆசை என்றால் நான் தடுக்க மாட்டேன். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே மருத்துவரைப் பார்த்து, சர்க்கரை இருப்பதைச் சொல்லி, சர்க்கரை சேராத மருந்தாகக் கேளுங்கள். வெளியில் வாங்கினால் லைசென்ஸ் எண், தயாரித்த தேதி, ஒவ்வொரு சரக்கின் பெயர் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். 'ரகசிய மூலிகை' என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மருந்து மட்டும். தொடங்குமுன், மேலே சொன்ன விறைப்பு வினாப்பட்டியலின் ஐந்து கேள்விச் சுருக்க வடிவத்தை நிரப்பித் தேதி போட்டு வையுங்கள். ஐந்திலிருந்து இருபத்தைந்து வரை மதிப்பெண், இருபத்திரண்டும் அதற்கு மேலும் என்றால் கோளாறில்லை. பன்னிரண்டு வாரம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி நிரப்புங்கள். கல்லீரல் சோதனை, மருந்து தொடங்குமுன் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று. அரிப்பு, கறுத்த சிறுநீர், கண் மஞ்சள், எது வந்தாலும் அன்றே நிறுத்த வேண்டும். கூடவே நடக்கவும் ஆரம்பித்திருந்தால் பலனை எதன் கணக்கில் எழுதுவது என்று குழப்பம் வரும். வரட்டும், நடையை நிறுத்தாதீர்கள்.

மச்சான் கொடுத்த டப்பாவை எறிந்துவிடாதீர்கள். டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். என்.ஏ.பி.எல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப முடிந்தால், சில்டெனாபில், சியாலிஸில் இருக்கும் டாடலாபில், அவற்றின் மாற்று வடிவங்கள், சர்க்கரை மாத்திரைகள், கன உலோகம் என்று எழுதிக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். 'பொதுவாகச் சோதியுங்கள்' என்றால் ஈரப்பதமும் சாம்பல் அளவும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். அதைச் சாப்பிட்டு ஏதாவது ஆகியிருந்தால் ஆயுஷ் மருந்துகளின் பக்க விளைவைப் பதிவு செய்ய அமைப்பு இருக்கிறது, தாம்பரம் நிறுவனத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். மச்சானும் அதைச் சாப்பிடுகிறாரா, நெஞ்சு வலிக்குச் சார்பிட்ரேட் ஏதும் வைத்திருக்கிறாரா என்பதை மட்டும் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.